இறக்கைக்குள் இரண்டு விரல் துணி

மே 4, திங்கள்

தூறல். காற்று. குடையைக் கொண்டுபோய் ட்ராமிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். நல்ல தொடக்கம்.

புது வேலை, முதல் நாள். வேலை என்று சொல்லக்கூடாது, இரண்டு கிழமைப் பரீட்சை, பதினைந்தாம் திகதிவரை. இங்கே அதற்குப் பெயர் புரோபஅர்பைட். பிடித்தால் வைத்திருப்பார்கள், பிடிக்காவிட்டால் கைகொடுத்து வழியனுப்புவார்கள். பத்தொன்பது வருடம் காற்சட்டைக் கால்களை வெட்டி மடித்துத் தைத்த கடை ஜூன் கடைசியோடு பூட்டு. முதலாளியம்மாவுக்கு ஓய்வு. எனக்கு ஐம்பத்து நான்கு வயது, ஓய்வெடுக்க இன்னும் காலம் கிடக்கிறது. இந்த இடம் சரிவராவிட்டால் ஜொப்சென்டர் சொன்ன பண்டகசாலைப் பயிற்சிக்குப் போக வேண்டும். பெட்டி ஒட்டுவதற்குப் பயிற்சி! எனக்கு இந்த வேலை வேண்டும். மிகவும் வேண்டும். இங்கே எழுதலாம், ஒருவரும் வாசிக்கப்போவதில்லை.

இடம்: டிரெஸ்டனுக்கு வெளியே ஒரு பெரிய கொட்டகை. ட்ராம், பிறகு பஸ், பிறகு பத்து நிமிட நடை. பழைய விமானங்களைத் திருத்துகிறார்கள், அழிந்துபோனவற்றைப் படம் பார்த்துத் திரும்பக் கட்டிக் காட்சிக்கு வைக்கிறார்கள். அடுத்த கண்காட்சிக்குத் தலைப்பு "சரிவராத விமானங்கள்". வரைந்து, கட்டி, ஓட்டிப் பார்த்து, வேண்டாம் என்று தள்ளப்பட்டவை மட்டும்.

என்னுடையது (ஒரே நாளில் என்னுடையதாகிவிட்டது) இங்கிலாந்தில் செய்தது. ஏறக்குறைய நூறு வருடப் பழசு. மேலே ஒன்று கீழே ஒன்றாக இரட்டை இறக்கை. கப்பலை உடைக்கிற டோர்பிடோவை வயிற்றில் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று செய்திருக்கிறார்கள். ஒன்றே ஒன்றுதான். பெயர் ஹாரியர். கைத்தொலைபேசியில் தேடினால் அதே பெயரில் பின்னால் வந்த ஜெட் விமானம்தான் பக்கம் பக்கமாக வருகிறது. இது எங்கேயோ அடியில். பாவம்.

நாங்கள் இடது பாதியை மட்டும் செய்கிறோம். வலது பாதி இருக்க வேண்டிய இடத்தில் சுவர்.

பொறுப்பாளர் ஹெர் ஸைடல். அறுபது வயது இருக்கும். நெட்டை. கதைக்க மாட்டார். இன்று முழுநாளும் என்னோடு கதைத்தவை:
1. காலை வணக்கம், ஃபிராவ் ரவீந்திரன். (திருமதிக்கு இங்கே ஃபிராவ்.)
2. கத்தரிக்கோல் மேசையில் அல்ல, கொளுக்கியில்.
3. சாப்பாடு பன்னிரண்டுக்கு.
4. நாளை சந்திப்போம்.

குடையைப் பற்றி ட்ராம் அலுவலகத்துக்கு போன் எடுக்க வேண்டும்.

மே 5, செவ்வாய்

வெயில், ஆனால் குளிர். கொட்டகைக்குள் இன்னும் குளிர். நாளைக்குக் கம்பளிச் சட்டை.

இன்று நிவேதா வந்தாள். என்னை இங்கே சொல்லிவிட்டதே அவள்தான். கோயம்புத்தூர்ப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் விமானங்களைப் பற்றி ஆராய்ச்சி. போன வருடம் சிநேகிதியின் கல்யாணத்துக்குச் சாரிச் சட்டை தைக்க என்னிடம் வந்தவள், கை வைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த ஃபினிஷிங் வச்சுட்டு நீங்க ஏன் பேன்ட்டே வெட்டிட்டு இருக்கீங்க?" என்று கேட்டாள். கொட்டகையில் அவள் கிழமைக்கு இரண்டு நாள், விமானத்தைக் கூரையில் தொங்கவிடும் கணக்குப் பார்க்கிறாள்.

என் வேலை: கீழ் இறக்கை. மரச்சட்டம் தயாராக நிற்கிறது, மீன்முள் போல வரிசை வரிசையாக விலா. அதற்கு லினன் துணியில் ஒரு பெரிய உறை தைத்து, தலையணைக்குப் போடுவதுபோல மாட்ட வேண்டும். பிறகு விலா ஒவ்வொன்றோடும் சேர்த்துக் கையால் தையல். பிறகு ஸ்பன்லாக் என்கிற பூச்சு. அது காய்ந்தால் துணி இழுபட்டு மேளம்போல இறுகுமாம்.

நி. சொன்னாள், இந்த இறக்கையின் நடுப்பகுதிக்கு வெள்ளி நிறம் பூச மாட்டார்களாம். உள்ளே விளக்கு வைப்பார்கள், துணிக்குள்ளால் விலாவெல்லாம் தெரியும். "எக்ஸ்ரே மாதிரி இருக்கும்க்கா."

வரைபடத்தில் எல்லாம் மில்லிமீட்டரில். தையலுக்கு உள்ளே மடிக்கும் துணி பன்னிரண்டு மில்லிமீட்டர். ஸை. விரலால் தட்டிக் காட்டினார். நானும் தலையாட்டினேன். கொப்பியிலும் எழுதிக்கொண்டேன்.

வீட்டில் இவருக்கு மருந்து எடுக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

மே 6, புதன்

துணி வெட்டினேன். நல்ல லினன். கத்தரி போகிற சத்தமே சுகம். பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு துணியைத் தொடவில்லை.

இதை எழுதாமல் விட்டால் பொய். குண்டு விமானம். ஊரில், சண்டைக் காலத்தில், எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலால் போனவற்றின் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இப்போதும் இங்கே ஒரு விமானம் தாழப் பறந்தால் சுவரோரம் ஒதுங்கி நிற்பேன். அப்படி இருக்க, நானா இதற்கு உடுப்புத் தைப்பது என்று நேற்று பஸ்ஸில் வரும்போது யோசனை. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் "அப்ப விடும்" என்பார், அவருக்கு எல்லாம் அவ்வளவு சுலபம்.

இன்று சாப்பாட்டு நேரம் ஸைடலிடம் நேரடியாகக் கேட்டேன், இது எங்கே எத்தனை குண்டு போட்டது என்று.

"ஒன்றும் இல்லை."

பாணை மென்று முடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னார். டோர்பிடோ, ஆட்கள், துப்பாக்கி எல்லாவற்றையும் ஏற்றினால் பாதுகாப்பாக எழும்ப முடியவில்லை. பாரம் கூட, இயந்திரத்துக்குப் பலம் குறைவு. வேண்டாம் என்றுவிட்டார்கள். பிறகு புது இயந்திரங்களைப் பூட்டிப் பார்க்க அதைப் பாவித்தார்கள். சண்டைக்கே போகவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஏன் என்று பார்த்தார். ஜெர்மனில் விளங்கப்படுத்தத் தெரியவில்லை. ஒருவரையும் கொல்லாத குண்டு விமானம். அதற்கு நான் தைப்பேன், வடிவாகவே தைப்பேன்.

பின்னேரம் முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை. கொட்டகைத் தச்சர் இருவரில் ஒருவர் மற்றவரிடம்: "புதியவள் பாடுகிறாள்." மற்றவர்: "விடு, ரேடியோவைவிட நல்லது."

மே 7, வியாழன்

மழை. தையல் நாள். துணியோடு துணி சேரும் ஏழு பொருத்து, ஒவ்வொன்றும் உள்ளே மடித்து இரட்டை வரி. பெரிய மெஷின், பாய்மரத் துணி தைக்கிறது, காலை வைத்தால் குதிரைபோலப் பாய்கிறது. முதல் பத்து நிமிடம் பயம். பிறகு நானும் அதுவும் ஒன்றையொன்று விளங்கிக்கொண்டோம்.

சாப்பாடு: இடியப்பமும் சொதியும் கொண்டுபோனேன். ஸை. எட்டிப் பார்த்தார். கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. பரீட்சை முடியட்டும், லஞ்சம் என்று நினைப்பார்.

மே 8, வெள்ளி

உறை மாட்டினோம்! நான்கு பேர் பிடிக்க, நுனியிலிருந்து மெல்ல மெல்ல இழுத்து. ஒரு சுருக்கு இல்லை, ஒரு தொய்வு இல்லை. ஸை. முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "ஒழுங்கு" என்றார். ஒரே ஒரு சொல். நி. பிறகு காதுக்குள் சொன்னாள், "அக்கா, அவர் வாயில இருந்து அது ஸ்டாண்டிங் ஒவேஷன்."

பஸ்ஸில் என்பாட்டில் சிரித்துக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்த மனிசி இடம் மாறி இருந்தாள்.

வாங்க வேண்டியது: தேங்காய்ப்பால், வெங்காயம், இவருடைய மருந்து (இரண்டாம் தடவை எழுதுகிறேன்).

மே 9, சனி

நல்ல வெயில். யன்னல் எல்லாம் திறந்து வைத்தேன்.

லைப்சிக்கிலிருந்து ஜெயந்தி வந்தாள், நாலு வருடத்துக்கு முன் நான் தைத்த சட்டையோடு. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஏறுதில்லை. வாசலில் நின்றே முதல் கேள்வி: "அக்கா, உள்ளுக்குத் துணி விட்டிருக்கோ?" எல்லாரும் கேட்கிற கேள்வி. விடாமல் இருப்பேனோ? இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரல் அகலம், உள்ளே மடிந்து கிடக்கிறது. நான் தைத்த எந்தச் சட்டையிலும் இருக்கும். கடையில் வாங்குகிற உடுப்பில் ஒரு விரல்கூட விடாமல் வெட்டித் தள்ளுகிறார்களே என்று நான் திட்டாத நாள் இல்லை. உடம்பு ஒரேமாதிரி இருக்குமா? சட்டை பத்து வருடம் உழைக்க வேண்டாமா?

பழைய வரியைப் பிரித்து, புது வரி ஓடி, பதினைந்து நிமிடம். ஜெயந்தி போட்டுப் பார்த்தாள். அளவாக, அச்சாவாக இருந்தது.

அவள் போன பிறகு வெட்டின நூலைக் கூட்டி அள்ளிக்கொண்டு நிற்கும்போது, என் கையைப் பார்த்தேன். இரண்டு விரல். கையைத் துணியில் வைத்து, இரண்டு விரலைச் சேர்த்து, விளிம்பில் சோக்கட்டியால் கோடு. முப்பது வருடமாக இப்படித்தான்.

புதன்கிழமையும் அப்படித்தான் வைத்தேன்.

வரைபடம் பன்னிரண்டு மில்லிமீட்டர். கொப்பியிலும் பன்னிரண்டு. கண் பன்னிரண்டை வாசித்தது, கை இரண்டு விரலை வெட்டியது. ஏழு பொருத்திலும். இறக்கை பிள்ளை பெற்று உடம்பு வைக்கும் என்று நினைத்தேனா?

உறையின் அளவில் பிழையில்லை, வெளியில் ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே விளக்குப் போட்டால் ஏழு கறுப்புப் பட்டி, விலாவை மறைத்துக்கொண்டு.

சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

மே 10, ஞாயிறு

அன்னையர் தினம். மகள் டார்ம்ஸ்டாட்டிலிருந்து போன். வாழ்த்தைச் சொல்ல முன்பே என் குரலைப் பிடித்துவிட்டாள். சொன்னேன்.

இவர் பக்கத்தில் நின்று: "சொல்லாதையும். ஆர் உள்ளுக்கு ஏறிப் பாக்கப்போயினம்?"

"விளக்குப் போடப்போயினம்."

"அப்ப அண்டைக்குச் சொல்லும். பரீட்சை முடிஞ்ச பிறகு."

மகள் போனுக்குள்ளால்: "அம்மா, அப்பாவைக் கேக்காதைங்கோ. நாளைக்குக் காலமை முதல் வேலையாச் சொல்லுங்கோ. பூச்சு அடிச்சாப் பிறகு பிரிக்க ஏலாது எல்லோ?"

அதுதான். இப்போது சொன்னால் பிரிக்கலாம். வெள்ளிக்குப் பிறகு சொன்னால் இறக்கையே வீண். இவரோடு கோபம். பிறகு இவரே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து தந்தார், இஞ்சி போட்டு. கோபத்தைத் தொடர முடியவில்லை.

வேலை போகுமோ என்று பயமாக இருக்கிறது. பெட்டி ஒட்டுவது பெரிய பாவமில்லை. ஆனால் இந்தத் துணியைத் தொட்ட பிறகு பெட்டியைத் தொட மனமில்லை.

மே 11, திங்கள்

முகில். முதல் பஸ்ஸில் போனேன். ஸை. கோப்பிக் குவளையும் கையுமாக நின்றார். காலை வணக்கத்துக்குப் பதிலாகவே சொன்னேன்: ஹெர் ஸைடல், நான் பிழை விட்டிருக்கிறேன்.

கேட்டார். கோப்பியைக் கீழே வைத்தார். போய் ஒரு கைவிளக்கைக் கொண்டுவந்து, இறக்கையின் திறந்த பக்கத்தால் உள்ளே விட்டார். ஏழு பட்டி. நான் நினைத்ததைவிடக் கறுப்பு.

நீண்ட நேரம் பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"ஏன்?"

சொன்னேன். எங்கள் பெண்களின் சட்டை இப்படித்தான், உடம்பு மாறும், சட்டையை எறிய மாட்டோம், பிரித்து விடுவோம். கை பழகிவிட்டது. ஜெர்மன் தடுமாறியது, கையால் என் இடுப்பையே காட்டி விளங்கப்படுத்தினேன். தச்சர்கள் இருவரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மானம் போனது.

"எத்தனை தரம் பிரித்து விடலாம்?" என்று கேட்டார்.

இரண்டு தரம். கவனமாக விட்டால் மூன்று.

அவர் விளக்கை அணைத்துவிட்டு இறக்கையைத் தட்டினார். "இதைக் கட்டியவர்கள் ஒரு விரல்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, மிச்சம் என்று ஒன்றும் இருக்கவில்லை. நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்." பகிடியா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. பிறகு: "பிரியுங்கள். ஏழையும்."

கழற்றி, விரித்து, பிரிக்கத் தொடங்கினேன். இரட்டை வரி. நான் தைத்த தையல், அறுந்து வருகிறதா பார். என் கைவேலையை நானே சபித்த முதல் நாள்.

பதினொரு மணிக்கு ஸை. ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து எதிரில் இருந்து, மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டு, ஒரு பொருத்தைப் பிரிக்கத் தொடங்கினார். ஒரு மணித்தியாலத்தில் ஒரு சாண். நான் அதற்குள் ஒன்றை முடித்துவிட்டேன். அவர் என் பக்கத்தைப் பார்த்தார், தன் பக்கத்தைப் பார்த்தார். எழும்பிப் போகவில்லை. பின்னேரம்வரை இருந்தார்.

வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்கத் துணிவும் இல்லை.

மே 12, செவ்வாய்

வெயில். பன்னிரண்டு மில்லிமீட்டர். அளவுகோல் வைத்து, கோடு போட்டு, இன்னொரு தரம் அளந்து. இரண்டு விரலையும் பிளாஸ்டரால் சுற்றிக் கட்டிவிட்டேன், பழைய பழக்கத்துக்குப் போகாமல். தச்சர்: "காயமா?" "இல்லை, தண்டனை."

பழைய ஊசித் துளைகள் தெரிந்தன. ஈரத் துணியால் ஒற்றி, நகத்தால் தேய்த்து, இஸ்திரி. மூடிவிட்டன. ஸை. இதைக் கவனித்தார். "இதை எங்கே படித்தீர்கள்?" படிக்கவில்லை, கண்ட இடமெல்லாம் பிரித்துத் தைத்துப் பழகினது.

நாலு மணிக்கு மீண்டும் மாட்டினோம்.

மருந்து வாங்கிவிட்டேன்!

மே 13, புதன்

விலாத் தையல். இறக்கையை விளிம்பில் நிமிர்த்தி வைத்தார்கள், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நி. முழங்கை நீள ஊசி. நான் குத்தி அனுப்ப, அவள் இழுத்து, விலாவைச் சுற்றித் திருப்பிக் குத்தி அனுப்ப வேண்டும். முகம் தெரியாது, துணிக்குள்ளால் குரல் மட்டும்.

"அக்கா, ஊசி வருது, கைய எடுத்துக்கோங்க."

"எடுத்திட்டன், விடும்."

"என்னக்கா 'விடும்'னு மரியாதையா பேசறீங்க, நான் சின்னப் பொண்ணு."

"எங்கட ஆக்கள் கட்டின மனிசியோடையும் இப்பிடித்தான் கதைப்பினம்."

"சூப்பர்க்கா. எங்க ஊர்ல வாடி போடிதான்."

ஆறு மணித்தியாலம். அவளுடைய பேராசிரியர், என்னுடைய இவர், அவளுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை (வேண்டாமாம்), என் மகளுக்குப் பார்க்காத மாப்பிள்ளை. ஒருவரையொருவர் பார்க்காமல் கதைத்தால் எல்லாம் கதைக்கலாம்போல.

பின்னேரம் முதலாம் பூச்சு. நகப்பூச்சு மணம், தலையிடி. ஆனால் துணி இறுகுகிற சத்தம் கேட்டது. மெல்லிய டிக் டிக். பிரிபடவில்லை. ஏழு பொருத்தும் நின்றன.

மே 14, வியாழன்

விடுமுறை. இங்கே இன்று ஆண்கள் தினமாம், கைவண்டியில் பியரை ஏற்றிக்கொண்டு எல்பே ஆற்றங்கரை முழுக்க ஆம்பிளைகள். இவரும் நானும் ஆற்றங்கரையில் நடந்தோம். ஒரு கூட்டம் இவரையும் வண்டி தள்ளக் கூப்பிட்டது. கொஞ்சத் தூரம் தள்ளிவிட்டு வந்தார், ஒரே பெருமை.

நாளை கடைசி நாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் எழுதுகிறேன், பிறகு எழுதினால் யோசித்துக்கொண்டு படுப்பேன். எப்படி முடிந்தாலும் இந்த இரண்டு கிழமையும் நான் சந்தோசமாக இருந்தேன். பிழை விட்ட நாளும் சேர்த்து. இது உண்மை.

மே 15, வெள்ளி

வெயில். காலையில் கடைசிப் பூச்சு. மூன்று மணிக்கு விளக்கு.

கொட்டகைக் கதவை மூடி, மற்ற விளக்கெல்லாம் அணைத்து, ஸை. சுவிட்சைப் போட்டார். இறக்கை தேன் நிறத்தில் எரிந்தது. விலா, குறுக்குச் சட்டம், நூல் முடிச்சு எல்லாம் துலக்கமாக. பொருத்துகள் மெல்லிய கோடு, அவ்வளவுதான். நி. கைதட்டினாள். தச்சர்களும். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பூச்சு மணம் என்று சொன்னேன்.

ஸை. சுற்றி வந்து பார்த்தார், விளக்கை அணைத்தார், போய்விட்டார்.

நி. போனாள். தச்சர்கள் போனார்கள். நான் என் சாமான்களை எடுத்து வைத்தேன். ஊசிப்பெட்டி, நாடா, மூக்குக்கண்ணாடி. சரி, கைகொடுத்து வழியனுப்புவது என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கோட்டையும் போட்டாயிற்று.

ஸை. வெட்டு மேசையடியில் நின்று, "வாருங்கள், இங்கே நில்லுங்கள். கையை மடியுங்கள்" என்றார். மடித்தேன். முழங்கைக்கும் மேசைக்கும் இடையில் அளவுகோலை வைத்தார். "இரண்டு கிழமையாகத் தோளைத் தூக்கிக்கொண்டு வெட்டுகிறீர்கள். இது முன்பு இருந்தவருக்குச் செய்தது. அவர் என்னைவிட உயரம்." பென்சிலால் நான்கு காலிலும் அடையாளம். இருவருமாக மேசையைக் கவிழ்த்தோம். நான் கோட்டைக் கழற்றாமலே பிடித்துக்கொண்டேன், அவர் தச்சர் வாளால் கால்களை அரிந்தார். நான்கு கட்டைத் துண்டு நிலத்தில் விழுந்தது. நிமிர்த்தி வைத்து, மறுபடியும் கையை மடிக்கச் சொன்னார். சரியாக இருந்தது. "மேல் இறக்கைக்கான துணி செவ்வாய் வரும்" என்றார். "வேலைக் கடதாசி திங்கள் அலுவலகத்தில்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. இவர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன, சொன்னவரோ?"

"மேசைக்காலை அரிஞ்சுபோட்டார்."

கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினார். "ஐயோ, அவ்வளவு கோவமோ?"

"இல்லையப்பா. என்ரை உயரத்துக்கு."